ஊருக்காக ஒரு வழக்கு

ராமேஸ்வரம் தீவிலும் தனுஷ்கோடி மணல்வெளியிலும் அலையடிக்கும் இடத்திற்குச் சற்று மேலே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கிறது. தங்கச்சிமடத்தில் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நீரும் உப்புக் கரிப்பதில்லை. யாத்ரீகர்கள் இதைக் கண்டு அதிசயிப்பார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கோ அது அதிசயமன்று, அன்றாடப் பிழைப்பு. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் பாலின் மீது ஏடு படிவதுபோல் படிந்து நிற்கிறது. ஏடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மெல்லியது அந்த நல்ல தண்ணீரும். பக்கத்தில் ஒருவர் நிலத்தை வெட்டி, கடல்நீரை இறைத்து நிரப்பி, மாதக்கணக்கில் தேக்கி வைத்தால் ஏடு கலைந்துவிடும். பிறகு அந்த ஊற்றில் வருவது உப்புநீர்தான்.

இப்படி ஓர் ஊற்று கெட்டுப்போனால் ஒரு குடும்பத்திற்கு ஏற்படும் நஷ்டம் என்ன? நாளைக்கு நாலு குடம் தண்ணீர். விலை கொடுத்து வாங்கினால் சில ரூபாய். இதற்காக யாராவது கோர்ட்டுக்குப் போவார்களா? ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போக இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கிளையும் 2004இல்தான் வந்தது. அதற்கு முன் சென்னைக்கே போகவேண்டும். பாசி எடுக்கும் பெண் ஒரு நாள் கோர்ட்டு வாசலில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே ஒருவரும் போவதில்லை. ஒருவரும் வரமாட்டார்கள் என்பது தீங்கு செய்பவருக்கும் தெரியும். ஆயிரம் வீடுகளில் நாலு நாலு குடமாக எடுத்துக்கொண்டால் அது பெரிய கொள்ளை; ஆனால் எந்த ஒரு வீட்டுக் கணக்கிலும் அது கொள்ளையாகத் தெரியாது.

இந்தச் சங்கடத்துக்குச் சட்டம் கண்டுபிடித்த வழிதான் ஒருவர் பலருக்காக வழக்காடுவது. 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே இதற்கு ஒரு விதி இருக்கிறது. கோர்ட்டின் அனுமதி பெற்று, ஒரே நலன் உள்ள அத்தனை பேருக்கும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, ஒருவரோ சிலரோ வழக்கை நடத்தலாம். 1980களில் பொதுநல வழக்கு என்ற புதிய கதவும் திறந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தபோதும், 2019இல் புதிதாக எழுதப்பட்டபோதும், பலருக்காக ஒருவர் புகார் செய்யும் உரிமை அதில் சேர்க்கப்பட்டது. கம்பெனிச் சட்டத்திலும் 2013இல் இது இடம் பெற்றது. கதவுகளுக்குக் குறைவில்லை. அவற்றின் வழியாக உள்ளே போனவர்கள் கையில் என்ன கொண்டு வந்தார்கள் என்பதுதான் கேள்வி.

செங்கப்படைக்காரர் போட்ட வழக்கு

இந்தக் கேள்விக்கு விடை தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பழைய ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த செங்கப்படைக் கிராமத்தில் பிறந்தவர் எஸ். ஜெகந்நாதன். வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர். மனைவி கிருஷ்ணம்மாளோடு சேர்ந்து தஞ்சை, நாகைப் பகுதி ஏழைகளுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதிலேயே ஆயுளைச் செலவிட்டவர். 1990களின் தொடக்கத்தில் கிழக்குக் கரை முழுவதிலும் இறால் பண்ணைகள் முளைத்தன. வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை. நெல் விளைந்த நிலங்களும் உப்பளங்களும் மேய்ச்சல் பொறம்போக்கும் குட்டைகளாக மாறின. குட்டை நீர் மண்ணில் இறங்கிக் கிணறுகளை உப்பாக்கிற்று. கழிவுநீர் ஓடையிலும் கழிமுகத்திலும் விடப்பட்டது. கரைக்குப் போகும் வழி வேலியால் அடைபட்டது. ஜெகந்நாதன் உண்ணாவிரதம் இருந்தார், மறியல் செய்தார். கடைசியில், 1994இல், சுப்ரீம் கோர்ட்டில் ரிட் மனுப் போட்டார். தமக்காக அல்ல. அவருக்கு இறால் பண்ணைக்குப் பக்கத்தில் நிலமும் இல்லை, கிணறும் இல்லை. கரையோர ஜனங்கள் அத்தனை பேருக்காகவும் போட்டார்.

1996 டிசம்பர் 11ஆம் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் தீர்ப்பளித்தார்கள். அதைப்போல் ஒரு தீர்ப்பு கரையோர ஏழைகளுக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் பரம்பரை முறைப் பண்ணைகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் 1997 மார்ச் 31ஆம் தேதிக்குள் இடித்துவிடவேண்டும். விளைநிலம், உப்பளம், சதுப்புக் காடு, ஊர்ப் பொது நிலம் இவற்றில் குட்டை வெட்டக்கூடாது. கெடுத்தவனே கொடுக்கவேண்டும் என்ற முறைப்படி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கணக்கிட்டு வசூலித்துக் கொடுக்க ஓர் ஆணையம் அமைக்கவேண்டும். பண்ணை மூடுவதால் வேலை இழக்கும் தொழிலாளிகளுக்கு ஆறு வருஷக் கூலியைக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும்.

படித்தவர்கள் கண்ணில் ஆனந்த பாஷ்பம் வந்திருக்கும். ஆனால் மார்ச் 31 வருமுன்னரே மறுபரிசீலனை மனுக்கள் குவிந்தன, இடிப்பு நின்றது. ஆணையம் 1997இல் அமைந்தது. அந்த வருஷமே தீர்ப்பின் கூர்மையை மழுக்கும் மசோதா ஒன்றும் பார்லிமெண்டுக்கு வந்தது. அது அப்போது நிறைவேறாமல் கிடந்தாலும், 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்ற பெயரில் வேறொரு சட்டம் நிறைவேறியது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பின் தடை இறால் வளர்ப்பைக் கட்டுப்படுத்தாது என்று அது சொல்லிற்று. இன்று முதல் அல்ல. 1991இல் அறிவிப்பு வந்த நாள் முதலே கட்டுப்படுத்தவில்லை என்று பின்னோக்கிச் சொல்லிற்று. கோர்ட்டு எந்தத் தூணின் மீது தீர்ப்பை நிறுத்தியதோ அந்தத் தூணையே சட்டம் எடுத்துவிட்டது. 2023இல் அந்தச் சட்டம் மேலும் திருத்தப்பட்டது. சட்டம் செய்வது பார்லிமெண்டின் உரிமைதான். ஆனாலும் ஒரு காந்தியவாதிக் கிழவர் பட்டினி கிடந்து வாங்கிய தீர்ப்பை, அவர் உயிரோடிருக்கும்போதே இப்படிக் கரைத்தது அழகான காரியமன்று. அவர் 2013இல் காலமானார்.

அப்படியானால் அந்த வழக்கால் பயனே இல்லையா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. வழக்கு வருமுன் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் குட்டை வெட்டலாம் என்றிருந்தது. வழக்குக்குப் பின் பதிவு, அனுமதி, ஜில்லா கலெக்டர் தலைமையில் ஒரு குழு என்று ஏதோ ஒரு வேலி வந்தது. புதிய பண்ணைகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வரக்கூடாது என்று 2005ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று. அதையொட்டி வந்த வழிகாட்டுக் குறிப்புகள் இன்னும் நுணுக்கமானவை: 500 பேருக்குக் குறைவான குடியிருப்பிலிருந்து 100 மீட்டர், அதைவிடப் பெரிய கிராமத்திலிருந்து 300 மீட்டர், குடிநீர் எடுக்கும் இடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளியே பண்ணை இருக்கவேண்டும். தீர்ப்பின் பெரிய வாசகங்களெல்லாம் போய், இந்தச் சின்ன எண்கள் மிஞ்சின. ஆனால் கிராமத்தாருக்கு உதவக்கூடியவை இந்தச் சின்ன எண்களே. ‘சூழலின் சமநிலை கெட்டுவிட்டது’ என்று நிரூபிக்கப் பண்டிதர்கள் வேண்டும். ஊருணிக்கும் குட்டைக்கும் இடையே நூறு மீட்டர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாடாவும் இரண்டு ஆட்களும் போதும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த வழக்கில் நிலைத்தது ‘செய்யாதே’ என்ற பகுதி, அதுவும் அரைகுறையாக. ‘கொடு’ என்ற பகுதி கரையோரக் குடிசைகளை எட்டிப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வதற்கில்லை. இது இந்த ஒரு வழக்கின் தலையெழுத்து மட்டும் அல்ல. பலருக்காகப் போடும் வழக்கின் சுபாவமே இதுதான்.

பணம் என்றால் மெலிந்துவிடும்

போபாலை எடுத்துக்கொண்டால் போதும். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு விஷவாயு ஊரை மூடிற்று. 1985இல் தனிச் சட்டம் செய்து, பாதிக்கப்பட்ட எல்லாருடைய வழக்கையும் மத்திய சர்க்காரே தன் கையில் எடுத்துக்கொண்டது. தகப்பனில்லாத பிள்ளைக்குத் தகப்பன் ஸ்தானம் என்றார்கள். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு ராஜியாயிற்று. கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் பங்குக்கு வந்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது ஆளுக்கு 25,000 ரூபாய். 2004க்குப் பின் அதே அளவு இன்னொரு தடவை. நுரையீரல் வெந்த மனிதனுக்கு இரு தவணையில் ஐம்பதாயிரம். தொகை போதாது, கூடுதலாக வாங்கித் தாருங்கள் என்று சர்க்காரே போட்ட மனுவையும் 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. ராஜி செய்துகொள்ளும்போது பாதிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை என்பது அன்றும் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது.

சிறிய விஷயத்திலும் கதை வேறாக இல்லை. 2015இல் மேகி நூடுல்ஸில் ஈயம் அதிகம் என்று பெரிய பரபரப்பு ஏற்பட்டது. நுகர்வோர் அனைவர் சார்பிலும் மத்திய சர்க்கார் நெஸ்லே கம்பெனி மீது தேசிய ஆணையத்தில் 640 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. ஒன்பது வருஷம் நடந்து, 2024 ஏப்ரலில் தள்ளுபடியாயிற்று. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். சர்க்கார் ஜெயித்திருந்தால்தான் என்ன? ராமநாதபுரம் பஸ் நிலையக் கடையில் பிள்ளைக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுத்த தாய் ரசீது வைத்திருப்பாளா? அவளுக்குரிய பங்கை யார் எண்ணி, எந்த வழியாக அனுப்புவார்கள்?

அமெரிக்காவில் இவ்வகை வழக்கு ஒரு பெரிய தொழிலாகவே நடக்கிறது. அங்கே வக்கீல் தம் கைப்பணத்தைப் போட்டு வழக்கை நடத்துவார். ஜெயித்தால் தொகையில் பங்கெடுத்துக்கொள்வார். கட்சிக்காரர்களுக்கு அடுத்த முறை சாமான் வாங்கும்போது விலையில் கழித்துக்கொள்ள ஒரு சீட்டும், வக்கீலுக்கு ரொக்கமும் கிடைத்த ராஜிகள் பெருகி, 2005இல் அதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே செய்தார்கள். இந்திய வக்கீல்கள் அப்படிப் பங்கு பேசுவதை வக்கீல்கள் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. இது நல்லதுதான். ஆனால் இதன் மறுபக்கம், பொது வழக்கை நடத்தும் செலவு யாரோ ஒரு தியாகியின் தலையில் விழுகிறது. ஜெகந்நாதன்கள் ஜில்லாவுக்கு ஒருவர் பிறப்பதில்லை.

பாக் ஜலசந்திக்கு அப்பால் இலங்கையிலும் சமீபத்தில் ஒரு பாடம் நடந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து, பின்னர் மூழ்கிற்று. பிளாஸ்டிக் உருண்டைகள் மேற்குக் கரையெல்லாம் ஒதுங்கி மீன்பிடிப்பே நின்றது. பலர் சார்பில் வந்த மனுக்களை விசாரித்து, 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் நஷ்டஈடு கட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. கப்பல் கம்பெனியின் தலைவரோ கட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். உத்தரவு கிடைப்பது ஒன்று. பணம் கைக்கு வருவது வேறொன்று.

‘மீனவர் சார்பில்’ என்றால் எந்த மீனவர்?

பலருக்காக வழக்காட அந்தப் பலருக்கும் நலன் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது விதி. சென்னை அசோக் நகரில் வீட்டுவசதி வாரியத்திடம் வீடு வாங்கிய குறைந்த வருமானக்காரர்கள் விஷயத்தில் 1990இல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கிற்று. வாரியம் பின்னர் கூடுதல் பணம் கேட்டது; ஒருவர் எல்லாருக்காகவும் வழக்குப் போட்டார். ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனிதானே என்று வாரியம் ஆட்சேபித்தது. கணக்கு தனித்தனியாக இருக்கலாம், நலன் ஒன்றாக இருந்தால் போதும் என்று கோர்ட்டு சொல்லிற்று. அசோக் நகரில் இது எளிது. எல்லார் கையிலும் ஒரே மாதிரிக் கடிதம்.

ராமேஸ்வரத்தில் அப்படியா இருக்கிறது? விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் ஒரே கடலில் மோதிக்கொள்ளாமலிருக்க, இவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், அவர்களுக்கு மற்ற நாட்கள் என்று பல பத்தாண்டுகளாக ஓர் ஏற்பாடு உண்டு. இழுவைமடி போன பாதையில் நாட்டுப்படகின் வலை கிழிந்து கிடக்கும். இருவரும் மீனவர்களே. சுருக்குமடி வலை விஷயத்தில் இது கோர்ட்டிலேயே வெளிப்பட்டது. 2000இல் தமிழக சர்க்கார் அந்த வலைக்குத் தடை போட்டது. தடையை நீக்கச் சொல்லிப் போனவர்களும் மீனவர்கள். நீக்கக்கூடாது என்று நின்றவர்களும் மீனவர்கள். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவாக, மாநிலக் கடல் எல்லையான 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று அனுமதித்தது. ‘மீனவர் நலன் வென்றது’ என்று இதைப் பற்றி எந்தப் பக்கத்தார் எழுதினாலும் மற்றப் பக்கத்தார் சிரிப்பார்கள்.

இறால் பண்ணையிலும் இந்தச் சிக்கல் உண்டு. கேணி உப்பானவர்களும் ஊரில் இருக்கிறார்கள்; குட்டையில் கூலி வேலை செய்தவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். பல வீடுகளில் ஒரே குடும்பத்தில் இருவரும் உண்டு. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆறு வருஷக் கூலியைப் பற்றிப் பேசியது இந்த உண்மையைக் கோர்ட்டு கண்டுகொண்டதால்தான். ஊர் என்பது ஒரே வாயால் பேசுவதில்லை. ஊர் சார்பில் பேச வருகிறவர் அதை முதலில் உணரவேண்டும்.

ஏனென்றால் அந்த 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஒருவர் எல்லாருக்காகவும் நடத்திய வழக்கின் தீர்ப்பு எல்லாரையும் கட்டும். தோற்றாலும் கட்டும். பின்னால் வருபவர், ‘எனக்கு இப்படி ஒரு வழக்கு நடந்ததே தெரியாது’ என்று முறையிட்டுப் பயனில்லை. அறிவிப்புத்தான் பத்திரிகையில் வந்ததே என்பார்கள். அந்த அறிவிப்பு எங்கே வருகிறது? ஏலம், காணவில்லை, பெயர் மாற்றம் இவற்றின் நடுவே, எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில். விடியுமுன் கரை வலை இழுக்கப் போகிற மனிதர் அதைப் படித்திருக்கவேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது!

எஞ்சின் வாங்கியவர் எங்கே போவது?

நுகர்வோர் என்றால் சோப்பும் சீப்பும் வாங்குகிறவர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். பாம்பனிலோ தொண்டியிலோ சொந்தப் படகுக்கு எஞ்சின் வாங்கித் தாமே ஓட்டிப் பிழைக்கும் நாட்டுப்படகுக்காரரும் நுகர்வோர்தான். வியாபாரத்துக்கு வாங்கியதைச் சட்டம் விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து வயிறு வளர்க்க வாங்கியதை விலக்கவில்லை. ஆட்டோ ரிக்ஷா வாங்கித் தாமே ஓட்டுகிறவர், கடைசல் யந்திரம் வாங்கித் தாமே கடைகிறவர் இவர்களெல்லாம் நுகர்வோரே என்று கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995இலேயே சுப்ரீம் கோர்ட்டு விளக்கியிருக்கிறது. பத்து விசைப்படகு வைத்து ஆள் போட்டு நடத்தும் முதலாளிக்கு இந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

ஒரே ரக எஞ்சின் ஒன்று கரை முழுவதும் 200 பேருக்கு விற்கப்பட்டு, எல்லாவற்றிலும் ஒரே பழுது என்று வைத்துக்கொள்ளலாம். விலை 60,000 ரூபாய். இருநூறு பேரும் ஒன்றுசேர்ந்து ஒருவரை முன்னிறுத்திப் புகார் கொடுத்தால் பலம்தானே என்று தோன்றும். ஆனால் இவ்வகைப் புகாரில் எல்லாருடைய தொகையையும் கூட்டித்தான் எந்த ஆணையம் விசாரிப்பது என்று தீர்மானிக்கவேண்டும் என்று 2016இல் தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்தக் கணக்குப்படி 200 பேர் விலை 1 கோடியே 20 லட்சம். ஜில்லா ஆணையத்தின் வரம்பு 2021இல் வகுத்த விதிப்படி 50 லட்சம்தான். ஆகவே புகார் ராமநாதபுரத்தை விட்டு மாநில ஆணையத்துக்குப் போய்விடும். ஒன்றுசேர்ந்ததற்குக் கிடைத்த பரிசு தூரம்!

மற்றொரு சிக்கலும் உண்டு. பெங்களூரில் 1,134 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் வீடு வாங்கியவர்களில் 91 பேர் எல்லாருக்காகவும் புகார் செய்தார்கள். மற்றவர்களுக்கும் இதே குறைதான், இதே நலன்தான் என்று விவரமாகக் காட்டவில்லையே என்று 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கேட்டது. கடைசியில் அந்த 91 பேருக்கு மட்டுமான கூட்டுப் புகாராக அதை நடத்தச் சொல்லிற்று.

இதே எஞ்சின்காரர் தனியாகப் போனால் என்ன? 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் ராமநாதபுரத்துக்கு அதுதான் வரவேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் மெக்கானிக்கைக் கொண்டு சோதித்து வாங்கிய அறிக்கையை மற்ற 199 பேரும் தங்கள் புகாரில் இணைத்துக்கொள்ளலாம். முதல் பத்துப் புகார்களில் உத்தரவானால் பதினோராவது ஆளுக்குக் கம்பெனி தானே வந்து எஞ்சினை மாற்றிக் கொடுக்கும். எந்தக் கம்பெனியும் ஒரே ஜில்லாவில் இருநூறு தடவை தோற்பதை விரும்பாது. இழந்த காசு திரும்ப வேண்டுமென்றால் இந்தப் பாதைதான் குறுகியது.

ஆனால் இதே முறை ஊற்றுத் தண்ணீருக்கு உதவாது. அதற்கு ரசீது கிடையாது, விலை கிடையாது, தனித்தனி உடைமை கிடையாது. அது பொதுவில் உள்ள பொருள், பொதுவில்தான் காக்கவேண்டும். அங்கே பொது வழக்கைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. அந்த வழக்கில் கேட்கவேண்டியதும் பணமல்ல, ‘நிறுத்து’ என்ற ஒரு வார்த்தை. எந்தக் கோர்ட்டுக்கும் கொடுக்க எளிதான நிவாரணம் அதுதான். ஊராருக்கும் பங்கு போடாமல் ஒருசேரக் கிடைப்பது அது ஒன்றுதான். இறால் பண்ணைகளைப் பற்றிய முறையீடுகள் மதுரைக் கிளை வரை பலமுறை சென்றிருக்கின்றன. நஷ்டஈட்டையும் தடையையும் ஒரே மனுவில் குழைத்துக் கேட்கிறவர்கள், முதலாவதற்கான சாட்சியத்தைத் தேடுவதில் இரண்டாவதற்கான காலத்தை இழந்துவிடுகிறார்கள்.

பொது வழக்கெல்லாம் வக்கீல்களும் பிரமுகர்களும் பெயரெடுக்கும் வழி என்று ஏளனம் செய்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பெயருக்காகப் போட்ட வழக்கிலும் ஊற்று பிழைத்தால் ஊற்று பிழைத்ததுதான். கவலைப்படவேண்டியது வேறு: தீர்ப்பு வந்தபின் அதைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடக்க ஆள் இல்லாமல் போவது. ஜெகந்நாதன் வழக்கில் எதிர்த்தரப்பார் தீர்ப்பு வந்த மறுநாளே வேலையைத் தொடங்கினார்கள். டெல்லியில் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கரையோர ஜனங்கள் தீர்ப்பு வந்ததோடு காரியம் முடிந்தது என்று நம்பினார்கள்.

இதற்கு உடனே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பொது வழக்கின் அறிவிப்பைப் பத்திரிகை மூலையில் போடுவதோடு நிறுத்தாமல், மீன் ஏலக்கூடத்திலும் ஐஸ் பாக்டரிச் சுவரிலும் ஒட்டவேண்டும். கோயில், மாதாகோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் தமிழில் வாசிக்கவேண்டும். கோர்ட்டு கேட்டால் சர்க்கார் செய்யாமலிராது. பண்ணைக்கு அனுமதி பற்றி ஆலோசிக்கும் ஜில்லாக் குழு எந்தக் கிராமத்து மனுவை எப்போது எடுக்கிறது என்பதை முன்கூட்டி அந்தக் கிராமத்துக்குத் தெரிவிக்கவேண்டும். இலவசச் சட்ட உதவி என்பதும் வெறும் பலகை எழுத்தாக நின்றுவிடக்கூடாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண் என்ற ஒரு காரணமே போதும். வருமானச் சான்றிதழ் எதுவும் காட்டாமல் சர்க்கார் செலவில் வக்கீல் கேட்கலாம். பாசி எடுக்கும் பெண்ணுக்கு அந்த உரிமை இன்றும் இருக்கிறது. ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. மண்டபம் முதல் தொண்டி வரை உள்ள பெண்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்று அந்தக் குழுவினரே ஒரு வாரம் கரையோரமாகப் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.